ஒரே கணினிக்கு வாங்கிய எழுத்துரு

பூனை உள்ளே வந்ததும் கதவைச் சீக்கிரம் சாத்தினால் அறையின் சூடு மிச்சமாகும் என்று அதன் வாலையே நறுக்கிய ஊர், பல்கேரியாவில் இருக்கும் எங்கள் கப்ரோவோ. வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்குக் கோல்ச்செவைத் தெரியாது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். ரொட்டிக்கடைகளுக்கு மாவு பிசையும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலையின் முதலாளி. அந்த இயந்திரத்தோடு போகும் கையேட்டைத் தயாரிப்பவர் மின்கோ ராய்ச்செவ்.

மின்கோவுக்கு ஐம்பத்திரண்டு வயது, சாந்த சொரூபி. தன் வீட்டு ஜன்னலைத் திறக்கவே மனைவி ஸ்டோய்னாவிடம் அனுமதி கேட்பார். அலுவலகத்தில் கேட்க வேண்டுமா!

மூன்று வருடங்களுக்கு முன் கோல்ச்செவ் ஏதோ கண்காட்சியில் போட்டிக் கம்பெனியின் கையேட்டைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி அழகான எழுத்துரு வேண்டுமென்று ஆசைப்பட்டார். வாங்கினார். கையேட்டு வேலைக்கு இருந்தவை ஐந்து கணினிகள். அவர் வாங்கியது மின்கோவின் கணினிக்கு மட்டும். மற்ற நாலில் கையேட்டைத் திறந்தால், அந்த எழுத்துரு இல்லையென்று மென்பொருள் கைக்குக் கிடைத்த வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். போடும் முன் மரியாதையாக ஒரு எச்சரிக்கையும் காட்டும். அதைப் படித்தால் நேரம் வீணாகுமே! எங்கள் பொறியாளர்கள் படிக்காமல் 'சரி'யை அமுக்குவார்கள். தலைப்பு ஒரு எழுத்தில், பத்திகள் ஒரு எழுத்தில், அட்டவணை இன்னொன்றில். கல்யாண வீட்டில் கலந்துபோன செருப்புகள் மாதிரி இருக்கும் புத்தகம்.

மின்கோ ஒவ்வொரு பத்தியாகத் திருத்துவார். பொறியாளர் ஸப்ரியான் ஒரு கமா போடத் தன் கணினியில் திறப்பார். பழைய குருடி, கதவைத் திறடி. இப்படியே மூன்று கோடைகள் போயின. மூன்று முறையும் விடுமுறைக்கென்று ஸ்டோய்னா கட்டிய பெட்டி அவிழ்க்கப்பட்டது.

இந்த வருடம் ஆஹ்தொப்போலில், கடலோரமாக, அவளே அறை பிடித்துவிட்டாள்.

"சனிக்கிழமை பஸ். நீ வந்தாலும் வராட்டியும் நான் போறேன் மின்கோ. திரும்பி வர்றதைப் பத்தி அங்க போய் யோசிச்சுக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் பார்த்தா ரூஸே நகரத்திலிருந்து புகார் வர வேண்டும்! அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரி கையேட்டை உண்மையிலேயே படித்திருக்கிறாள். எச்சரிக்கைக் கட்டத்துக்குள் மாற்று எழுத்து அகலமாகிப்போய், கடைசி வரி வெளியே தள்ளப்பட்டு மறைந்துவிட்டது. 'தொட்டிக்குள் கையை விட்டு ஒட்டிய மாவை எடுக்கவும்' என்பது மட்டும் இருந்தது. 'அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்பதைக் காணோம். நல்லவேளை, அவளுக்கு மூளை இருந்தது, விரல்களும் மிஞ்சின.

மின்கோ முதலாளியிடம் போனார். "மத்த நாலு கணினிக்கும் அந்த எழுத்துருவை வாங்கிடலாமா, முதலாளி?"

"அஞ்சு தடவை ஒரே 'அ'வை வாங்கணுமா? ஒருத்தன் பேப்பர் வாங்கினா தெருவே படிக்கும் ஊருய்யா இது!"

"அப்ப எல்லாக் கணினியிலயும் இலவசமா இருக்கிற எழுத்துருவுக்கே மாத்திடட்டுமா?"

"காசு குடுத்து வாங்கினதைத் தூக்கிப் போடறதா? போன வருஷமும் இதையேதான் கேட்ட. நீயே திருத்து."

"சனிக்கிழமை லீவு... ஸ்டோய்னா..."

"போயிட்டு வா, யார் வேண்டாம்னா? கணினியையும் தூக்கிட்டுப் போ. அங்க கரண்ட்டு ஓட்டல்காரன் செலவு!"

சொல்லிவிட்டு அந்தப் புத்திசாலித்தனத்தில் தானே பூரித்துப்போனார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்?

மின்கோ இருக்கைக்குத் திரும்பினார். கணினியைப் பார்த்தார். அதைப் பெட்டிகளுக்கு நடுவில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதையும், பக்கத்தில் ஸ்டோய்னாவின் முகத்தையும் நினைத்துப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, யாரையும் கேட்கவில்லை. தலைப்புக்கு, பத்திகளுக்கு, அட்டவணைக்கு என்று அவர் வகுத்திருந்த, ஒரு இடத்தில் மாற்றினால் எங்கும் மாறுகிற பாணிகளில் எழுத்துருவின் பெயரை மாற்றினார். புத்தகம் முழுக்க இலவச எழுத்துக்கு மாறியது. எச்சரிக்கைக் கட்டங்களைப் பெரிதாக்கி, கடைசி வரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸப்ரியானைக் கூப்பிட்டு அவர் கணினியிலும் திறந்து காட்டச் சொன்னார். எதுவும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணலில் உட்கார்ந்து, வறுத்த பொடிமீனை இருவரும் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. கோல்ச்செவ் போனில் பேசமாட்டார், கத்துவார். அதனால் ஸ்டோய்னாவுக்கும் கேட்டது.

"மின்கோ! புதுப் புத்தகம் பார்த்தேன். முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா இருக்குய்யா! காசு குடுத்து வாங்கின எழுத்துன்னா அழகே தனிதான். ஓசியில வர்றதுல இது வருமா?"

"வராது, முதலாளி," என்றார் மின்கோ.

மின்கோ போனை வைத்தார். என்ன செய்தாய் என்று ஸ்டோய்னா கேட்டாள். மின்கோ பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டோய்னா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எழுத்தை மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அது பத்து நிமிஷம்தான்."

மீனெடுத்த ஸ்டோய்னாவின் கை அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"பத்து நிமிஷ வேலைக்கா மின்கோ, மூணு வருஷம் என்னைப் பெட்டி அவிழ்க்க வச்ச?"

ஸ்டோய்னா எழுந்து மணலைத் தட்டிவிட்டு, அவரைக் கூப்பிடாமலேயே கடலுக்குள் இறங்கினாள்.