எட்டு வருடம் வராத அறிக்கை

காக்ஸ் டவுனை ஒட்டிய ஒரு சின்ன சுகாதார மையத்தில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தேன். வியாழக்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அப்படி ஒரு வியாழக்கிழமை, நாலு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முத்தடுப்பு ஊசி போட்டேன். மறுநாள் காலையில் அந்தக் குழந்தை இறந்துபோனது.

அதன் அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷனுக்குக் கட்டட வேலை. இவள் வீட்டிலிருந்தபடியே ஊதுபத்தி உருட்டுவாள். ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று முதலில் வர மறுத்தாள். நான்தான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தேன்.

சேதி தெரிந்த அன்று மத்தியானமே ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். மீதியிருந்த மருந்து, ஐஸ் பெட்டி, ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் சீல் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதே குப்பியிலிருந்துதான் இன்னும் ஆறு குழந்தைகளுக்குப் போட்டேன், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். கன்னடத்தில் எழுதிக்கொண்டார்கள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் போனதும் எங்கள் மையத்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், இது மேல போயிடுச்சு. யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

அது பொய்யாக இருந்திருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

ஊசி போட்டதற்கு முந்தின நாள் காலையிலிருந்து எங்கள் ரோட்டில் கரண்ட் இல்லை. குளிர் குறைந்தால் மருந்து கெட்டுப்போகும். பிரிட்ஜைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. விசாரணையில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் மாதங்கள் போகப் போக, நான் தொட்டது அந்த வாரத்து ஐஸா, வேறு வாரத்ததா என்றே குழம்ப ஆரம்பித்தேன். என் தங்கை பெண்ணுக்கு ஊசி போட வேண்டி வந்தபோது குப்பியின் லேபிளை நாலு தடவை படித்தேன். தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மா வியாழக்கிழமைதோறும் வருவாள். சண்டை போடமாட்டாள். வரிசை முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, கடைசியில் கிட்டே வந்து, "இன்னா ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்" என்பாள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்பேன். நாலைந்து மாதம் கழித்து ரிப்போர்ட் வந்துவிட்டது என்று பியூன் மூலமாகத் தெரிந்தது. டாக்டரிடம் கேட்டேன். அது ரகசியம், நமக்கே காப்பி கிடையாது என்றார். அந்த வாரமும் ரிப்போர்ட் வரவில்லை என்றுதான் அவளிடம் சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

அவள் குடியிருந்த சந்தில் பிறகு ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். காலாவதியான மருந்து என்றார்கள். வெளிநாட்டு மருந்தை ஏழைகள் மேல் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றார்கள். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் மறைக்கிறார்கள் என்று ஒரு தாத்தா கேட்டார். போலியோ சொட்டு மருந்தோடு போனால், நான் வருவதைப் பார்த்ததும் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். வீட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதி, ஆள் இல்லை என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

அந்த அம்மாவுக்கு அடுத்து ஒரு பையன் பிறந்தான். ஒரு ஊசிகூடப் போடவில்லை. ஆறு மாதத்தில் அவனுக்கு, முத்தடுப்பு ஊசி தடுக்கிற அதே கக்குவான் இருமல் வந்தது. இருமி இருமி உதடு நீலமாகிவிடும். மூன்று வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். கேள்விப்பட்டு நான் பார்க்கப் போனேன். புருஷன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் மட்டும் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

இப்படியே வருடங்கள் போயின. அரசாங்கத்திடம் தகவல் கேட்கலாம் என்று சட்டம் வந்தது. வேலையில் இருந்துகொண்டு நான் கேட்டால் வம்பு. அவள் கேட்கலாம். அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இனிமே எதுக்கு சிஸ்டர்" என்றாள். எனக்கு வேண்டும் என்றேன். அன்றைக்கு அதுதான் நிஜம். கன்னடத்தில் நான் மனு எழுத, அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

கொடுக்க இயலாது என்று முதலில் பதில் வந்தது. அப்பீல் செய்தோம். இரண்டு முறை விசாரணை தள்ளிப்போனது. மூன்றாவது முறை, "இவ்ளோ வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏம்மா?" என்று அதிகாரி கேட்டார். அவள், "சும்மா இல்லீங்க. கேட்டுக்கினேதான் இருந்தேன்" என்றாள். ஒரு மாதத்தில் தபால் வந்தது.

பதினான்கு பக்கம். இங்கிலீஷில் இருந்தது. அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். மருந்தைப் பரிசோதித்ததில் குறை இல்லை. குளிர்ச்சியிலும் குறை இல்லை. பிரேதப் பரிசோதனைப்படி குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, மரணம் அதனால்தான். குழந்தை இறந்து இரண்டே மாதத்தில் கையெழுத்தான அறிக்கை அது. முடிவைப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் உடனே விளக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

எனக்கு அப்பாடா என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கடைசிப் பக்கத்தை மறுபடியும் படித்தேன்.

அவள் கேட்டாள்: "அதான் பால் குடிக்கறப்போ பாப்பாவுக்கு நெத்தியெல்லாம் வேர்க்குமா? நீங்க வீட்டுக்கு வந்தப்போ சொன்னேனே. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

பால் குடிக்கையில் குழந்தைக்கு அப்படி வேர்ப்பது இதயக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். எனக்கு நினைவில்லை. அவள் சொல்லியிருப்பாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்கு முப்பது வீடு ஏறி இறங்கினேன், எத்தனையோ அம்மாக்களிடம் எதை எதையோ சொல்லியிருக்கிறேன். எட்டு வருடமும் நான் பிரிட்ஜையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"தப்புதான்" என்றேன்.

அவள், பையனுக்கும் அந்தக் கோளாறு இருக்குமா என்று கேட்டாள். அந்த வாரமே லீவு போட்டு அவனை இதய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். அவள் டாக்டரிடமே இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். விட்டுப்போன ஊசிகளில் அவன் வயதுக்கு ஆனவற்றைப் போடச் சம்மதித்தாள். ஆனால் எங்கள் மையத்தில் வேண்டாம் என்றாள். தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டார்கள்.

அறிக்கையின் சாரத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்கமாக எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அந்தச் சந்தில் வீடு வீடாகக் கொடுத்தேன். பாதிப் பேர் அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள், விஷயமே தெரியாது. பழையவர்கள் வாங்கிப் படித்தார்கள். கவர்ன்மென்ட் பேப்பர் வேறு எப்படி எழுதும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே மடித்து வைத்தாள். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். அடுத்த வருடம் எனக்கு ஆனேக்கலுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஊசி போட வருகிற அம்மாக்கள் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொன்னால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், எழுதிவைத்துக்கொண்டேன்.