செத்த பிறகு சிரிக்க வேண்டும்

செல்போனில் சேனல் நடத்துகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. அப்படிக் கிடைத்த இடத்தில் பக்கத்து ஆள் போனை எடுத்து, "அந்தக் கால நடிகையின் பரிதாப நிலை" என்று எதையாவது ஓட விட்டால் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொள்வேன். அந்தச் சோக இசை காதில் விழுந்தாலே போதும், காலையில் சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும். காரணம் என் பெரியம்மா.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மயிலம் பக்கத்துக் கிராமம். திருவிழாவுக்கு வந்த நாடகக் கம்பெனியில் ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டது. அவளுக்குப் பதிலாக ஒப்புக்கு நிற்க மேடை ஏறிய பெரியம்மா இறங்கவே இல்லை. கம்பெனியோடு ஊர் ஊராகப் போய், அப்புறம் மெட்ராசுக்குப் போய், சினிமாவில் அம்மா ஆனாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிற அம்மா. தன்னைவிட வயதில் மூத்த கதாநாயகர்களுக்கெல்லாம் தாயாகி, அவர்கள் மடியில் தலையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். இருமிச் செத்திருக்கிறாள், விஷம் குடித்துச் செத்திருக்கிறாள், பிள்ளை பெற்ற கையோடு செத்திருக்கிறாள்.

சாவது லேசான வேலை இல்லை என்பாள். மேடை நாடகத்தில் மைக் ஒன்றுதான், நடுவில் கயிறு கட்டித் தொங்கும். குத்துப்பட்டது எந்த மூலையில் என்றாலும் தள்ளாடித் தள்ளாடி அந்த மைக்குக்கு நேர் கீழே வந்து விழுந்தால்தான் கடைசி வசனம் கடைசி வரிசைக்குக் கேட்கும். தள்ளாட்டம் பொய்யாகத் தெரியக்கூடாது, மைக்கையும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. சினிமாவில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறு ஒன்று இருந்தது. செத்த காட்சி எடுத்து முடிந்ததும் கேமராவை நிறுத்தமாட்டார்கள். செத்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்த பிறகுதான் நிறுத்துவார்கள். படத்தில் அது வராது. ஆனாலும் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தச் சாவு நிஜமாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரியம்மா எந்தச் சாமியையும் அவ்வளவாகக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. இதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கூத்தாடி என்று சொல்லி ஒரு கல்யாணத்துக்கும் அவளுக்குப் பத்திரிகை வைத்ததில்லை. திண்டிவனம் தியேட்டரில் அவள் படம் வந்தால் மட்டும், "எங்க ஊட்டுப் பொண்ணு நடிச்சிருக்குது" என்று கவுண்டரில் பெருமை பேசி முன்னாடியே டிக்கெட் வாங்கிக்கொண்டு போவார்கள். பார்த்துவிட்டு வந்து, கண்டவன் மடியில் படுக்கிறாள் என்று பேசுவார்கள். சீ என்று துப்பத்தான் தோன்றும். பெரியம்மா அதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு மனக்குறை.

"நல்லா நடிச்சேன்னு ஒருத்தன் சொன்னதில்ல பாப்பா," என்பாள். "அம்மா செத்துக்கினு இருக்கும்போது அல்லாரும் அழுவுற புள்ள மூஞ்சத்தான் பாப்பாங்க. சாவுறவள யாரு பாக்குறா?"

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதாகி வேஷங்கள் நின்றதும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். திண்டிவனத்துக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் நிலம், மல்லாட்டை போடுகிறோம், மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. ஓரத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை. அவளுக்குத் தனி அறை, ஃபேன், டிவி எல்லாம் உண்டு. ஆனால் வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் தலையைத் தூக்கி, "கம்பெனிலருந்தா?" என்று கேட்பாள். படம் எடுக்கிறவர்களை இந்தக் காலத்தில் யாரும் கம்பெனி என்று சொல்வதே இல்லை. கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டிருப்பான். இன்னும் ஒரே ஒரு வேஷம் வேண்டும், அதைப் பார்த்து ஒருவராவது நல்லா நடிச்சே என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சேனல்காரர்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார்கள்.

வாசலில் பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உள்ளே வந்ததும் டைல்ஸ் தரையைப் பார்த்தார்கள், ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீடு என்று நினைத்து மாலையோடு வந்தவனுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டதைப் போல மூன்று பேர் முகமும் தொங்கிவிட்டது. அவர்களில் தாடி வைத்தவன்தான் பேசினான்.

"அம்மா இங்கயா இருக்காங்க?"

"பின்ன எங்க இருப்பாங்க?" என்றேன்.

"இல்லக்கா, ஜனங்க மனசுல ஒட்டணும். பின்னாடி இன்னா கொட்டகை அது?"

மோட்டார் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. மல்லாட்டை மூட்டைகளை நகர்த்திவிட்டுக் கட்டிலை நடுவில் போட்டார்கள். பெரியம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். புடவையை மாற்றச் சொன்னார்கள். நல்ல புடவையாக எடுத்துக்கொடுத்தேன். தாடிக்காரன் அதை வாங்காமல், சைக்கிள் துடைக்க நான் கொடியில் போட்டிருந்த கிழிந்த புடவையைக் காட்டி, "அது நல்லா இருக்குக்கா" என்றான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஏறுங்கடா காரில் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"நீ சும்மா இரு பாப்பா. இத டைரக்டருங்க அல்லாரும் பாக்குறாங்களாம். அந்தத் தம்பி சொல்லுது."

"பெரிம்மா, உன்னப் பிச்சக்காரியா காட்டப் போறானுங்க."

"பிச்சக்காரி வேஷம் நான் போட்டதே இல்ல," என்றாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து நான் ஒதுங்கிக்கொண்டேன். தாடிக்காரன் அந்தக் கிழிந்த புடவையைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் யாரு?"

தாடிக்காரன் விழித்தான். "நீங்க நீங்கதாம்மா."

"சரி, அந்த நான் எம்மா நாளா சாப்பிடல?"

"ரெண்டு நாளுன்னு வெச்சுக்குங்க."

"ஒடம்புக்கு இன்னா? இருமலா, மூச்சிரைப்பா?"

அவன் மற்ற இருவரையும் பார்த்துக் கண்ணடித்தான். "எது வேணா பண்ணுங்கம்மா."

பண்ணினாள். என்ன சொல்வது. அன்று காலை மல்லாட்டைச் சட்னியோடு இட்லி சாப்பிட்டு, இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியவள். அது எனக்குத் தெரியும், ஊட்டாத குறையாகப் போட்டவள் நான். ஆனாலும் அந்தக் கட்டிலில் படுத்து, யாராவது வருகிறார்களா என்று கொட்டகை வாசலைப் பார்த்தாளே, நானும் திரும்பி வாசலைப் பார்த்தேன். சொம்புக்குக் கை நீட்டினாள், எட்டவில்லை. பிள்ளைகள் யாரும் இல்லை என்றாள், கேட்க நாதி இல்லை என்றாள். கேட்க நாதியாக நான்கு அடி தூரத்தில் நான் நிற்கிறேன். பிறகு, அவர்கள் கேட்காமலேயே, மூச்சு இழுத்தது. ஒரு முறை, இன்னொரு முறை. கண் பாதி மூடியபடி நின்றது. நெஞ்சு அசையவில்லை.

"யக்கா, இன்னாக்கா ஆச்சு?" என்று தாடிக்காரன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள். பல் செட்டு தெரிய, கொட்டகை அதிர, வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, "ம், இப்ப நிறுத்திக்கோ" என்றாள்.

ஏன் சிரித்தாள் என்று அவர்கள் கேட்கவில்லை. கிழவிக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கடைசியாக அரிசி மூட்டை ஒன்றைக் காரிலிருந்து இறக்கி, அவள் கையில் கொடுப்பதுபோல எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான் ஒருவன். என்னப்பா என்றேன். "இது ஷூட்டிங்குக்குக்கா. அடுத்த ஊட்டுக்கும் வேணும்ல" என்றான். அப்படியானால் போன வீட்டிலும் இதே மூட்டையைத்தான் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த அரிசி வேண்டியதில்லை. நிஜமாகவே சோறு இல்லாத ஒரு நாடகக்காரி வீட்டிலிருந்தும் இதே மூட்டை இப்படித்தான் நடந்து போயிருக்கும். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

வீடியோ வந்தது. சோற்றுக்கு வழியின்றி உயிருக்குப் போராடும் நடிகை என்று தலைப்பு. அடுத்த நாள் ரயிலில் என்னோடு தினமும் வருகிற பெண் ஒருத்தி, "பெரியம்மாவ மாட்டுக் கொட்டாயிலயா வெச்சிருக்க?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். ஆபீசில் பழைய புடவைகள் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பத்திரிகை வைக்காத சொந்தக்காரர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வீட்டுக்குள் அவள் டிவி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஏமாந்து, பின்னால் போய்க் கட்டிலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிளைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

எந்த டைரக்டரும் கூப்பிடவில்லை. அதைப் பற்றிப் பெரியம்மா வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

"சிரிப்பு வரல பாப்பா."

"என்னா சிரிப்பு?"

"வீடியோல. கண்ண மூடுறேன், அதோட முடிஞ்சிடுது. சிரிப்ப வெட்டிட்டானுங்க."

"சினிமாலயும் அது வராதே பெரிம்மா."

"சினிமாலதான் பேரு வேற, ஊரு வேற, செத்தது வேற எவளோ. இதுல எம் பேரப் போட்டு, நானே செத்துக் கெடக்கறேன். சிரிப்பு இல்லன்னா அது நாந்தான்."

நான் வேலைக்குப் போன நேரத்தில் அவளே தாடிக்காரனுக்குப் போன் செய்து, அந்தச் சிரிப்பை எப்படியாவது சேர்த்துப் போடு தம்பி என்று கெஞ்சியிருக்கிறாள். "சிரிப்பு இருக்குதாம்மா? பாக்கறேன்" என்றானாம். அவனுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்திருக்கிறது.

பார்த்தான். அடுத்த வீடியோ போட்டான். ஊரை ஏமாற்றிய நடிகை, கேமராவில் சிக்கிய சிரிப்பு என்று தலைப்பு. அவள் கண் மூடுவது, உடனே எழுந்து சிரிப்பது. அதையே திரும்பத் திரும்பப் போட்டு, கூடவே அவனே திரை ஓரத்தில் உட்கார்ந்து, "நாங்களும் ஏமாந்துட்டோம் மக்களே" என்று தலையில் அடித்துக்கொண்டான். கிழிந்த புடவையைக் கொடியில் இருந்து எடுத்துக் கொடுத்த கை அது. இவன் சோற்றை எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று யோசித்தேன்.

கீழே கமெண்டுகள் குப்பை மாதிரி கொட்டிக்கிடந்தன. முதல் வீடியோவுக்கு அழுத அதே ஜனங்கள். வீட்டுக்கு வந்ததும் போனை மறைத்தேன். பெரியம்மா அதற்குள் யார் போனிலோ பார்த்துவிட்டிருந்தாள். சிரிப்பு வந்துவிட்டதில் அன்று ஒரு கவளம் அதிகமாகவே சாப்பிட்டிருந்தாள்.

"கீழ என்னா எழுதியிருக்காங்க? படி. எழுத்து சின்னதா இருக்குது, எனக்குத் தெரியல."

"வேணாம் பெரிம்மா."

"படின்றேன்."

இருப்பதிலேயே கெட்ட வார்த்தை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்துப் படித்தேன். "சோறு இல்லாம கெடக்குதுன்னு நம்பி அன்னைக்குச் சாப்பாடே எறங்கல. எங்கம்மா ஞாபகம் வந்து அழுதேன். எல்லாம் நடிப்பாம். மூச்சு நின்னுச்சே, அதுகூடவா நடிப்பு?"

பெரியம்மா டிவியை நிறுத்தினாள்.

"மூச்சு நின்னத நம்பிட்டானா?"

"நம்பியிருக்கான்."

"அவங்கம்மா ஞாபகம் வந்துச்சாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"இன்னொருவாட்டி படி."

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு திறந்து என்னைப் பார்த்தாள்.

"கடைசில இன்னாவோ முழுங்கற. அதையும் படி."

"ஒண்ணும் இல்ல பெரிம்மா."

"எனக்குத்தான எழுதியிருக்கான்? முழுசா படி."

கடைசியில் 'த்தூ' என்று இருந்தது. அதையும் சேர்த்துப் படித்தேன். பெரியம்மா தலையை ஆட்டி, சரி என்று சொல்லி, கேட்டது போதும் என்பதுபோலக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போன் அடித்தது. "கம்பெனிலருந்தா?" என்று அவள் கேட்கவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதிலும் எவனோ ஒருவனின் எச்சில். அவள் துடைத்துப் போட்டுவிட்டாள். எனக்குத்தான் இன்னும் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.