ஐசக் நிற்கப் பழகிய வாரம்

சேலையூரில் எங்கள் பக்கம் ஐசக்கைத் தெரியாதவர்கள் இல்லை. பன்னிரண்டு வருடம் கூரியர் கொண்டுவந்து கொடுத்த மனிதர். மணியடித்துவிட்டு, நாம் கதவுக்கு வந்து சேர்வதற்குள் எதிர்வீட்டு மணியையும் அடித்திருப்பார். போன வருடம் அவருடைய கம்பெனி இந்தக் கிளையை மூடிவிட்டது. நாற்பத்தாறு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? மனைவியின் தம்பி சம்பத், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லிவைத்தார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அதற்கு மேல் ரயில் பயணம். மகள் ஜோவிதாவைத் தூங்கும்போதுதான் பார்க்க முடியும். வருகிற திங்கட்கிழமை வந்து சேரவேண்டும் என்று கெடு வேறு.

அந்தக் கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாய்ங்கள வாக்கிங் கூட்டிகினு போற தொழில் ஆரம்பிக்கலாம்னு கீறேன். உங்க பிஸ்தாவ என்னை நம்பி குடுப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தத் தெரு நாய்கள் விரட்டாத நாளே கிடையாது இவருக்கு. ஆனால் மனிதர் அசரவில்லை.

"அதான்க்கா விஷயமே. கேம்ப் ரோடு முனைல கறுப்பன் ஒருத்தன் கீறான், ஹெல்மெட்ட பாத்தாதான் கொரைப்பான். பால் பூத்தாண்ட ஒரு அம்மா கீது, குட்டி போட்டா மட்டும் அந்தப் பக்கம் போவக் கூடாது. எந்தத் தெருவுல எவன் தாதான்னு எனக்கு அத்துப்படி."

நியாயமாகத்தான் பட்டது. என் முழங்கால் தேய்ந்துபோன பிறகு பிஸ்தாவுக்குப் பால்கனிதான் உலகம். கொடுத்துவிட்டேன். எங்கள் அடுக்குமாடியில் இன்னும் மூன்று வீடுகள் சேர்ந்தன. செயலாளர் லோகநாதன் மட்டும் முகத்தைச் சுளித்தார். அவருக்கு நாய் என்றாலே ஆகாது. "சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் கேட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன். நேரம் தவறாமல் காலை ஆறு மணிக்கு வந்தார், ஒவ்வொரு நாயாகக் கூட்டிப்போய்ப் பதினைந்தே நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒரு தெருநாய்கூட வாலாட்டவில்லை. நான் பூரித்துப்போனேன். ஆனால் பிஸ்தா வீட்டுக்குள் வந்ததும் நேராக சோபா காலை நனைத்தான். இரண்டாவது மாடி லாப்ரடார் புதன்கிழமை லிப்டிலேயே வெளிக்கு இருந்துவிட்டது. அதை மிதித்தவர் வேறு யார், லோகநாதன்தான்! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தம் நாலாவது மாடிவரை கேட்டது. நான் சமாதானப்படுத்திய பிறகு, இன்னொரு தடவை நடந்தால் அத்தோடு சரி என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் முழங்கால் வலி தெரியாது. வியாழக்கிழமை காலை பின்னாலேயே இறங்கிப் போய்ப் பார்த்தேன். இந்த மனிதர் எங்கே நாயை நடத்தினார்? டெலிவரி செய்துகொண்டிருந்தார்! குறுக்குச் சந்தில் புகுந்து, அடுத்த சந்தில் வெளியே வந்து, விறுவிறுவென்று போகிறார். பாவம் பிஸ்தா, ஒரு மின்கம்பத்தைப் பார்த்துக் காலைத் தூக்கினான். "வாடா, டைம் ஆவுது" என்று வாரைச் சுண்டி இழுத்தார்.

"ஐசக்! அவன் நிக்கணும்னுதானய்யா வெளிய கூட்டிட்டு வர்றோம்! கொஞ்சம் நில்லுங்களேன்!"

திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தெரிலக்கா. பன்னெண்டு வருஷத்துல ரோட்ல எங்கியும் நின்னதில்ல. நின்னா ஜிபிஎஸ்ல பாத்துட்டு உடனே ஆபீஸ்லேந்து போன் வரும், இன்னாய்யா ஒரே எடத்துல கீறன்னு. காலு தானா ஓடுது."

என் கோபமெல்லாம் அந்த வம்பு பிடித்த ஆபீஸின் மேல் திரும்பிவிட்டது. "இங்க யாரும் போன் பண்ணமாட்டாங்க" என்றேன்.

அவர் நின்றார். முதலில் கால் மாற்றிக் கால் வைத்துத் தவித்தார். பிஸ்தா கம்பத்தைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தான், மூன்று தடவை மனதை மாற்றிக்கொண்டான், நிதானமாக வேலையை முடித்தான். அன்றைக்கு வீடு திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. சோபா தப்பித்தது.

வெள்ளியும் அப்படியே. நாலு நாய்க்கும் தலைக்கு முக்கால் மணி நேரம் என்று காலைப்பொழுதே ஓடிவிட்டது. சனிக்கிழமை காலை லோகநாதன் லிப்டுக்குள் ஏறி, குனிந்து மூலை மூலையாகப் பார்த்து, மூக்கால் ஒரு தரம் இழுத்தும் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க எதுவும் அகப்படவில்லை. "ம். நடக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது.

அன்று சாயங்காலமும் ஒரு நடைக்காக கேட் வாசலில் பிஸ்தாவை ஐசக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தபோது சம்பத்திடமிருந்து போன் வந்தது. கையில் வார் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா மச்சான், திங்கக்கெழம வர்றல்ல? சூப்பர்வைசர் கேட்டுகினே கீறாரு."

"வரலடா சம்பத். இங்க வேல கெடச்சிடுச்சு."

"அப்படியா! இன்னா பண்ணிகினு கீற?"

பிஸ்தா மதில் ஓரத்தில் எதையோ முகர்ந்துகொண்டிருந்தான். ஐசக் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், துளிகூட அவசரமில்லாமல்.

"நின்னுகினு கீறேன்" என்றார்.

அவர் அதைச் சொன்ன பெருமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.