முப்பத்தொன்றாம் இதழ்

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வரும் பெண் திருநெல்வேலிக்காரி. ஒரகடத்தில் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே லைனில் வயர் கட்டுகிறோம். சேரப்பணஞ்சேரியில் நான் ஏறி உட்கார்ந்ததும், தன் காதில் மாட்டியிருப்பதில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டுவாள். போனில் ஏதாவது சண்டைப் படம் ஓடிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு சக்தி உள்ள ஏழெட்டுப் பேர் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுவார்கள். "யாரும்மா இவன்? எதுக்கு அழுவுறான்?" என்று கேட்டால், "அதுக்கு நீங்க மொத படத்துலருந்துல்லாக்கா பாக்கணும்" என்பாள். நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இதே வார்த்தையை என் பதினோராவது வயதில் அண்ணன் சொல்லிவிட்டான்.

அண்ணனிடம் 'எழுவர் படை' என்ற சித்திரக்கதைப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. மாதத்துக்கு ஒன்று வரும். படப்பை பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதியதை வாங்குவான். விட்டுப்போனவற்றைப் பழைய பேப்பர் கடையில் குனிந்து குனிந்து தேடுவான். எல்லாவற்றையும் எண் வரிசையில் அடுக்கி, மேலே பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தான். அட்டை முனை மடங்கியிருந்தால் அன்று வீடு இரண்டுபடும். அப்பாவே அந்தப் பெட்டியைக் காலால் தள்ளமாட்டார்.

நானும் படித்துப் பார்க்காமல் இல்லை. ஏழு பேரும் முகமூடி போட்டிருந்தார்கள். போன பக்கத்தில் எதிரியாக இருந்தவன் இந்தப் பக்கத்தில் தோளில் கைபோட்டுக்கொண்டிருந்தான். யாராவது முக்கியமாக ஏதோ சொல்ல வாயெடுத்தால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில், 'பார்க்க: இதழ் 17' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பதினேழை எடுத்தால் அது ஒன்பதைப் பார்க்கச் சொல்லும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் யாரைப் பற்றியோ பேசிச் சிரிக்க, நாம் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அப்படி இருந்தது.

"இவன் யாருண்ணா?"

"மொதல்லேர்ந்து படிடீ. நடுவுல பூந்துட்டு யாரு யாருன்னா நான் இன்னா பண்றது?"

முதலிலிருந்தும் படித்தேன். இரண்டாவது இதழிலேயே தூங்கிவிட்டேன். அதோடு அண்ணன் என்னைக் கைவிட்டான். அதற்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை. அவனுக்கு வேறு ஆள் கிடைக்காதவரை எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஆள் குன்றத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். சித்தியின் மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள். சித்திக்கு உடம்பு சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லி, சித்தப்பா அவளையும் ஒரு துணிப்பையையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வந்த இரண்டாம் நாளே அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அண்ணன் அவளை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதல் இதழை எடுத்துக் கொடுத்தான்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு இதழ். அவள் ஒரு பக்கத்தை முடிக்கும்வரை அவன் பொறுமையாக இருந்து பக்கத்தைத் திருப்புவான். என்னிடம் எரிந்து விழுந்த அதே கேள்விகளை அவள் கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். ஏழு பேரில் புகையாக மாறிக் கதவிடுக்கில் நுழைகிற தூமனைத்தான் அவளுக்குப் பிடிக்கும். சாப்பிடும்போதும் தூமன், குளத்துக்குப் போகும்போதும் தூமன். நான் நடுவில் போனால், "அக்காவுக்குப் புரியாதுண்ணா" என்பாள். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்காகப் பரிந்துதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. என் அண்ணன், என் வீடு, ஆனால் பந்தியில் மறுபடியும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும். ஒரே ஒரு இதழை எடுத்து ஒளித்துவிட்டால் போதும். எதை எடுப்பது? நான் முட்டாள் இல்லை. அவர்கள் இருபத்தைந்தில் இருந்தபோது, அதற்கு அப்பால் உள்ள இதழ்களை எடுத்து அடிக்குறிப்புகளை மட்டும் பார்த்தேன். எதைப் புரட்டினாலும் 'பார்க்க: இதழ் 31' என்றே திரும்பத் திரும்ப வந்தது. அது இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வரும் எதுவும் புரியாது. முப்பத்தொன்றை உருவி, பழுப்பு அட்டை போட்ட என் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன்.

மறுநாள் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து அதைப் படித்தேன். எந்தக் கதவுக்குள்ளும் நுழையத் தெரிந்த தூமன், எங்கோ யாரையோ காப்பாற்றிவிட்டு அம்மாவைப் பார்க்க ஓடி வருகிறான். கதவிடுக்கில் புகையாக நுழைகிறான். கடைசிப் பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டில், போர்த்திய வெள்ளைத் துணி, முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் தூமன். ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை இதழ்களில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாதபடி நானே செய்துகொண்டிருந்தேன்.

அவர்கள் முப்பதை முடித்த சாயங்காலம் நான் கதவோரத்தில் பூ கட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பெட்டியில் கைவிட்டான். முப்பத்திரண்டு வந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். வீடு இரண்டுபடப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எலி எதுனா இஸ்துகினு போயிருக்கும். பரவால்ல, நான் சொல்றேன் கேளு" என்றான்.

சொன்னான். தூமனின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறதாம். ஏழு பேரும் ஏழு திசையில் பறந்து மருந்து கொண்டுவருகிறார்களாம். அம்மா எழுந்து உட்கார்ந்து, ஏழு பேருக்கும் கேழ்வரகு அடை சுட்டுப் போடுகிறாளாம்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். முப்பத்திரண்டின் அட்டையைப் பார்த்துவிட்டு, "அப்பறம் ஏண்ணா இதுல கறுப்புச் சட்டை போட்டுகினு கீறான்?" என்றாள்.

"அதுவா, அவங்கம்மா தெச்சுக் குடுத்தது."

இருவரும் தலையோடு தலை ஒட்டிச் சிரித்தார்கள். அதுவரை பொறுத்த என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"பொய்யி! அவங்கம்மா செத்துடுவாங்க. அதான் கறுப்புச் சட்டை."

அண்ணன் என்னைப் பார்த்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, "அவ கெடக்கறா. ஒரு புக்கயாவது முழுசாப் படிச்சிருக்காளா அவ? இதப்பத்தி அவளுக்கு இன்னா தெரியும்?" என்றான்.

எனக்கு இன்னா தெரியுமா? உள்ளே ஓடி, சமூக அறிவியலிலிருந்து முப்பத்தொன்றை உருவிக்கொண்டு வந்து, கடைசிப் பக்கத்தை அவள் மடியில் விரித்து வைத்தேன். திருடியது வெளியே தெரிந்துவிடும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. நான் சொன்னது சரி, அண்ணன் சொன்னது தப்பு. அது போதும் எனக்கு.

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டிலின் மேல் விரலை வைத்து, "எங்கம்மா படுத்துகினு இருக்கிற கட்டிலும் இதே மாதிரிதான்" என்றாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. அடுப்படியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பெரீம்மா, எங்கம்மா வூட்டுக்கு வருமா?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்தி கண் திறந்து பேசியதைப் பார்த்த பிறகும் அவள் எங்கள் வீட்டுக்கு வர மறுத்து, சித்தப்பாவோடேயே இருந்துவிட்டாள்.

சித்தி பிழைத்துக்கொண்டார். இன்றும் குன்றத்தூரில் இருக்கிறார். போனில் கூப்பிட்டால் ஏன் வருவதில்லை என்று திட்டுகிறார். சித்தி மகளும் நல்லபடியாகத்தான் பேசுகிறாள். அந்தப் புத்தகங்களைப் பற்றி மட்டும் நானும் அவளும் பேசியதில்லை.

அண்ணன் என்னை அடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அந்த வாரமே தகரப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே வெச்சுக்கோ. உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றான். நான் வெற்றி பெற்றவளைப்போல் வாங்கிக்கொண்டேன். முதல் இதழிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்தேன். இந்தமுறை எல்லாம் புரிந்தது. யார் யாருக்கு என்ன உறவு, யார் ஏன் பிரிந்தார்கள், எல்லாம். போய்ச் சொல்லத்தான் யாரும் இல்லை.

அண்ணன் கதையை மறந்துபோய் உளறிவிட்டான், நான் திருத்தினேன் என்றுதான் ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எந்த இதழில் யார் எந்தப் பக்கம் நின்றான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் அதை மறப்பானா என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டை முனை மடங்கினாலே வீட்டைப் புரட்டிப்போடுகிறவன், ஒரு முழு இதழ் காணாமல் போனபோது ஏன் தேடவே இல்லை என்றும் தோன்றவில்லை. அன்று பெட்டிக்குள் முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டைப் பார்த்து அவன் ஒரு நிமிஷம் நின்றானே, கோபத்தை அடக்குகிறான் என்று நினைத்துக்கொண்டு கதவோரத்தில் காத்திருந்தேன். அந்தக் கடைசிப் பக்கத்தை அவளுக்குக் காட்டவேண்டாமே என்று அவன் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.