இரண்டாம் முறை கேட்பவள்

இராசாத்தி அத்தை எதையும் இரண்டு முறை கேட்பாள். செர்டாங் கிளினிக்கில் மிசி என்கிற நர்ஸ் மாத்திரையை நீட்டி எப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மலாயில் சொல்வாள். அத்தைக்கே புரிந்தாலும், கூட வந்த பெண் அதைத் தமிழில் சொல்வாள். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு ஓர் அடி முன்னால் வந்து, மிசியின் முகத்தை நேராகப் பார்த்து, கெடா மலாயில் "பெத்தோய் கா, மிசி?" என்பாள். சரிதானா என்று. மிசி தன் வாயால் சரி என்ற பிறகுதான் மாத்திரை பைக்குள் போகும்.

தோட்டத்தில் அவளுக்குப் 'பெத்தோய் அத்தை' என்றே பெயர். காஞ்சனாவும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான். ஆனால் அந்தப் பழக்கம் எதனால் தொடங்கியிருக்கும் என்று அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை சொந்த அத்தை இல்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளி இருந்தவள். இப்போது வயது நாற்பத்தொன்பது. செம்பனை மரங்களுக்கு உரம் போடும் வேலை. கணவர் குணாளன் ஆலையில் இருக்கிறார். ஒரே மகன் லோகேஸ்வரன் ஜோகூரில் லோரி உதவியாளாக இருக்கிறான். தோட்டத்தில் யார் முழுகாமல் இருந்தாலும், மாதச் சோதனைக்கு அத்தைதான் துணை. அன்றைய வருகைப் பேர் போகும், கூலியும் போகும். அதைப் பற்றிக் கேட்டால், "உரம் எங்கயும் ஓடிடாது லா" என்பாள்.

காஞ்சனா அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வயது முப்பத்தொன்று. முதல் குழந்தையை மூன்று வருடத்துக்கு முன் அவசரமாக அறுத்துத்தான் எடுத்தார்கள். இரண்டாவது இப்போது முப்பத்தாறாவது வாரம். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்ப்பதா, மறுபடியும் அறுவையா என்று அவளே முடிவு செய்ய வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் படித்திருந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினேழு கேள்விகள் எழுதி எண் போட்டிருந்தாள். ஆனால் படிக்கப் படிக்க முடிவு கிட்டே வருவதற்குப் பதில் தள்ளிப் போனது. கணவன் ரவிச்சந்திரனுக்கு அறுவைதான் வசதி. தேதி தெரிந்தால் லீவு எடுக்கலாம். அம்மா பிரேமாவதிக்கோ சுகப்பிரசவம்தான் பிரசவம். "ரெண்டு தடவ அறுத்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" காஞ்சனாவுக்கும் சுகப்பிரசவத்தின் மீதுதான் ஆசை. அந்த ஆசை தன்னுடையதா, அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டதா, தான் படித்தவள் என்று காட்டும் வீம்பா என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

தேதி அன்று ரவிச்சந்திரனுக்குக் காலை ஷிஃப்ட். அம்மா போனில் சொன்னாள்: "ராசாத்தி வரேங்கிறா. ரெண்டு நாளா அதே பேச்சு."

"எதுக்கும்மா? எனக்குத்தான் மலாய் வருமே."

"அதான் அவளும் சொன்னா. காஞ்சனாவுக்கு நல்லா மலாய் வரும், நானும் போறேன்னு."

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காஞ்சனாவின் காதில் கிடந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் அம்மாவும் இதையேதான் சொன்னாள். அது டிசம்பர் பள்ளி விடுமுறை. அத்தைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, வயிற்றில் லோகேஸ்வரன் குறுக்கே கிடந்ததால் அறுத்து எடுத்திருந்தார்கள். குணாளன் மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பிரேமாவதி மிளகு ரசமும் சோறும் கட்டிக்கொண்டு கிளம்பும்போது மகளையும் இழுத்துக்கொண்டாள். "யூபிஎஸ்ஆர் பரீச்சையில பஹாசா மலாயுல ஏ எடுத்தவ. டாக்டர் சொல்றத இவ சொல்லுவா."

காஞ்சனாவுக்குப் பன்னிரண்டு வயது. வார்டில் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் வரும் வரைதான் அந்தப் பெருமை. வந்தவர் ஆண். பின்னால் படிக்கிற டாக்டர்கள் ஆறு பேர், அதில் நாலு பேர் ஆண்கள். டாக்டர் வேகமாக, பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக ஏதோ சொன்னார். ஒரு கடிதத்தைத் தலையணைக்கு அருகில் வைத்தார். சந்தை மலாய் தெரிந்த அத்தைக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அதுவும் தொண்டையில் நின்றுவிட்டது. அவள் காஞ்சனாவின் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, கேளு. அடுத்தது அறுக்காம பொறக்குமான்னு கேளு."

காஞ்சனா வயதுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பெறுவதைப் பற்றி அத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படி வாயைத் திறப்பது? அவளுக்குக் காது சுட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் டாக்டரிடம், இவர் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். டாக்டர் சிரித்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நாள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

"என்னவாம் பாப்பா?"

இரண்டு விரலை அத்தையும் பார்த்திருந்தாள். காஞ்சனாவுக்கு அந்த நொடியில், அறுவைக்குப் பிறகு இடைவெளி விட வேண்டும் என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொள்வது ஞாபகம் வந்தது.

"பொறக்குமாம் அத்தை. ரெண்டு வருஷம் விடணுமாம்."

அத்தையின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் மறக்கவில்லை. கடிதத்தை யாரும் படிக்கவில்லை. அது குழந்தையின் பிறப்புப் பத்திரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போய் அலமாரியில் உட்கார்ந்துகொண்டது.

அத்தை சரியாக இரண்டு வருடம் விட்டாள். அடுத்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பே ஒரு காலையில் வலி எடுத்தது. சீக்கிரம் போனால் அறுத்துவிடுவார்கள் என்று தோட்டத்தில் பல பெண்கள் வலி முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகக் காடி ஏறுவார்கள். அத்தையும் அப்படித்தான் இருந்தாள். போகச் சொன்னவர்களிடம், "டாக்டரே நார்மலா பொறக்கும்னு சொல்லியிருக்காரு" என்றாளாம். பதினோரு மணிக்கு வயிற்றுக்குள் ஏதோ கிழிந்தது. குழந்தை போனது. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். முதல் அறுவையில் உள்ளே மேலும் கீழுமாக வெட்டியிருந்தார்கள், அந்தத் தழும்புதான் பிரிந்தது என்று பிறகு யாரோ ஒரு தமிழ் மிசி சொன்னாள். பதினைந்து வயது காஞ்சனா பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, லயத்து வாசல்களில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆண் பிள்ளையாம் என்று ஒருத்தி மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த மாதம் அத்தை கிளினிக்கில் தையல் காட்டப் போனபோது, முதல் முறையாக "பெத்தோய் கா?" கேட்டாள் என்று அம்மா சொன்னாள்.

அத்தையோடு போன அன்று, பெரிய ஆஸ்பத்திரியில் காஞ்சனாவுக்கு எண்பத்து மூன்றாம் நம்பர் கிடைத்தது. திரையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் கவலப்படாத," என்றாள் அத்தை, காஞ்சனாவின் வயிற்றைப் பார்த்து. "நம்ம நம்பர் வர்றதுக்குள்ள நீ இங்கயே பெத்து, பேரும் வச்சிடலாம்."

"கொஞ்சம் பேசாம இருங்க அத்தை, சிரிச்சா முட்டுது."

"சிரி. உள்ள இருக்கறதும் சிரிக்கட்டும்." பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்தாள். "புக்குல என்னென்ன எழுதி வச்சிருக்க?"

"பதினேழு கேள்வி."

"அடியே, அது டாக்டரா, பரீச்ச எழுத வந்த பிள்ளையா?"

டாக்டர் இளம் மலாய்ப் பெண். பிங்க் நிறக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, காஞ்சனாவின் நோட்டைப் பார்த்ததும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். காஞ்சனா ஒவ்வொன்றாகக் கேட்டாள். போன முறை உள்ளே எப்படி வெட்டினீர்கள்? கீழ்ப்பக்கம், குறுக்காக. அப்படியென்றால் முயன்று பார்க்கலாமா? பார்க்கலாம். உன்னைப் போன்றவர்கள் பத்துப் பேர் முயன்றால் ஏறக்குறைய ஏழு பேருக்குச் சுகமாகப் பிறக்கும். தழும்பு பிரியும் ஆபத்து இருநூறில் ஒருவருக்கு. அதனால் வலி தொடங்கியதும் இங்கே வந்துவிட வேண்டும், குழந்தையின் துடிப்பை விடாமல் பார்ப்போம், ஏதாவது மாறினால் உடனே அறுவை. வேண்டாம் என்றாலும் தவறில்லை, தேதி தருகிறேன். அறுவைக்கும் அதற்கான ஆபத்துகள் உண்டு. நடுவில் மனம் மாறினாலும் சொல்லலாம்.

காஞ்சனா ஒவ்வொன்றையும் அத்தைக்குத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அத்தை முன்னால் சாய்ந்து, "பெத்தோய் கா, டாக்டர்?" என்றாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் "பெத்தோய், அம்மா" என்றாள். பதினேழு கேள்விக்கும் பக்கத்தில் கோடு விழுந்துவிட்டது. காஞ்சனா நோட்டை மூடப் போனாள்.

அத்தை அவள் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, இன்னொண்ணு கேளு. உள்ள மேலுங்கீழுமா வெட்டியிருந்தா, அடுத்தது அறுக்காம பொறக்குமான்னு கேளு."

அத்தைக்கு இப்போது மலாய் நன்றாகவே வரும். கிளினிக்கில் பத்துப் பெண்களுக்கு அவளே பேசுவாள். இந்தக் கேள்வியை அவளே கேட்டிருக்கலாம். காஞ்சனா மூடப் போன நோட்டை மறுபடியும் திறந்தாள். வயிற்றுக்குள் குழந்தை ஒரு முறை புரண்டது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

காஞ்சனா கேட்டாள். இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள்.

டாக்டரின் முகம் மாறியது. கூடாது என்றாள். அப்படி வெட்டியவர்களை வலிக்கு விடவே கூடாது. வலி வரும் முன்பே உள்ளே சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதிக் கொடுப்போம்.

"கூடாதாம் அத்தை," என்றாள் காஞ்சனா. "வலி வர்றதுக்கு முன்னாடியே சேரணுமாம்."

அத்தை ஆரஞ்சுத் தோலைக் கைக்குட்டைக்குள் மடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷம் விட்டாலுமான்னு கேளு."

காஞ்சனா அதையும் கேட்டாள். இரண்டு வருடமோ பத்து வருடமோ, அந்தத் தழும்புக்கு ஒன்றுதான் என்றாள் டாக்டர். காஞ்சனா அதையும் சொன்னாள்.

பிறகு அவள் காத்திருந்தாள், 'பெத்தோய் கா' வருவதற்காக. அத்தை முன்னால் சாயவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி," என்று மட்டும் சொல்லி எழுந்து, காஞ்சனாவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

காடியில் ஏறிய பிறகும் காஞ்சனா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு பதிலை மட்டும் அத்தை ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை? அவளை நம்பியதாலா? அல்லது பதில் ஏற்கெனவே தெரிந்திருந்ததாலா? தெரிந்திருந்தால், எப்போதிலிருந்து? தன் பட்டமளிப்பு அன்று வாசலில் ஆரத்தி எடுத்தபோதும் தெரிந்திருந்ததா? பள்ளியில், பல்கலைக்கழகத்தில், அலுவலகத்தில், எங்கேயும் மற்றவர்களுக்காகப் பேசுகிறவள் என்றுதான் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரை முதலில் கொடுத்தது அந்த வார்டு.

"என்ன முடிவு பண்ணப் போற?" என்றாள் அத்தை.

"தெரியல அத்தை. நார்மல் வேணும்னுதான் வந்தேன். இப்ப பயமா இருக்கு."

"உனக்குக் குறுக்கதான வெட்டியிருக்காங்க? அவ நல்லாத்தான சொன்னா? என்னப் பாத்துப் பயப்படாத. என் வயிறு வேற, உன் வயிறு வேற." சாலையோரத்து ரப்பர் மரங்களைப் பார்த்தபடியே சொன்னாள்: "எதுவா இருந்தாலும், வலி எடுத்த ஒடனே கெளம்பிடு. பாத்திரம் கழுவிட்டு வரேன், துணி காயப்போட்டுட்டு வரேன்னு நிக்காத. நான் அன்னைக்குத் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்."

காஞ்சனா காடியை ஓரம் கட்டினாள்.

"அத்தை. அன்னைக்கு வார்டுல..."

"பசியாறாம வந்துட்ட, அதான் கை நடுங்குது," என்றாள் அத்தை. "முன்னாடி அந்தக் கடையில நிறுத்து. ரொட்டி சானாய் ரெண்டு போடச் சொல்றேன்."

சொல்ல வந்ததை அத்தை வேண்டுமென்றே தடுத்தாளா, இல்லை உண்மையிலேயே பசியைத்தான் பார்த்தாளா? காஞ்சனாவுக்கு இன்றுவரை தெரியாது. ரொட்டி வந்தது. தின்றார்கள். அத்தை அவள் தட்டில் பருப்புக் குழம்பை இன்னும் ஊற்றினாள்.

காஞ்சனா சுகப்பிரசவத்துக்கு முயல்வதாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த முடிவில் தகவல் எவ்வளவு, ஆசை எவ்வளவு, யாருக்கோ எதையோ ஈடுசெய்யும் எண்ணம் எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முப்பத்தொன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, துணிக்கூடை கையில் இருந்தபோது வலி எடுத்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஒன்பது மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே வந்து சொன்ன மிசியிடம் அத்தை மூன்று முறை "பெத்தோய் கா?" கேட்டதாக ரவிச்சந்திரன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். அத்தை ஞாயிறுதோறும் வந்து அதைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதினேழு கேள்விகளுக்குப் பக்கத்திலும் கோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காஞ்சனா அதன் கீழே பதினெட்டு என்று எண் போட்டு, 'அத்தையிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் மட்டும் கோடு இல்லை.