காலில் ஆணி

எங்கள் பக்கத்தில் காலில் ஆணி என்றால் ஒரே அர்த்தம்தான், உள்ளங்காலில் காய்த்துப்போகும் கட்டி. அனுமந்தன்பட்டியில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது உண்டு. என் அம்மாவுக்கு இருந்தது அதுவல்ல. வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்ததில் முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. தேனியில் ஆபரேஷன் செய்து, எலும்புக்கு உள்ளேயே முட்டியிலிருந்து கணுக்கால் வரை ஒரு கம்பியை இறக்கினார்கள். அதற்கு டாக்டர் சொன்ன பெயர் ஆணி.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. லீவு லெட்டரில், அம்மாவுக்குக் காலில் ஆணி என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். டீச்சர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "கால் ஆணிக்கு ஒரு வாரம் லீவாக்கும்?" என்றார். வகுப்பே சிரித்தது. என்ன அநியாயம் இது. என் அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது இவர்களுக்குச் சிரிப்பு.

அந்தக் கோபம் ஒரு மாதமாகியும் ஆறாதிருந்தபோது கங்காணி வீட்டுக்கு வந்தார். கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் கூட்டிப்போகிறவர். காலில் ஆணி, ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று அம்மா அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. சேலையைப் பாதம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

"என்னத்தா, ஆணி தேவலையா?"

"தேவலைண்ணே. திங்கக்கெழம வந்துருவேன்."

இவருமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"அந்த ஆணி இல்ல மாமா. இங்கன பாருங்க, எம்புட்டு நீளம்னு. இன்னும் மூணு மாசம் மேட்டுல ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காக."

அவர் வெகுநேரம் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு சரிவுல எப்பிடித்தா நிப்ப? ஒடம்பப் பாத்துக்க" என்று எழுந்துகொண்டார். பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் இருபது பேரை அடைத்து மலையேற்றுகிறவருக்கு அன்றைக்குத்தான் இரக்கம் பொங்கியது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அம்மா என்னைத் திட்டவில்லை. படத்தை வாங்கி உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஜீப் எங்கள் வாசலில் நிற்கவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. ஒரு பெரிய மனிதராவது நான் சொன்னதை நம்பினாரே என்று தலைநிமிர்ந்து பள்ளிக்கூடம் போனேன்.