முறம் ததும்பத் தவிடு

மருதாத்தாளுக்கு வாய் நீளம் என்பது கொல்லங்கோட்டில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. பாலில் தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினாலும் தெருவே கேட்கும்படி திட்டுவாள். அப்பேர்ப்பட்டவள், திறந்தே ஆகவேண்டிய ஒரே ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்த மௌனம் எட்டு வருஷம் கழித்து, டென்மார்க்கிலிருந்து கடிதமாகத் திரும்பி வந்தது.

அவள் பிறந்தது வடகரப்பதியில். கிணறு வெட்டப் போன புருஷன் பாறைக்கு வைத்த வெடியில் போய்விட்டான். இரண்டு பையன்களையும் அண்ணன் குப்பண்ணனிடம் விட்டுவிட்டு, கொல்லங்கோட்டுக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலைக்கு வந்தாள். அண்ணன் பெண்டாட்டி அந்தப் பையன்களைத் தன் பிள்ளைகளோடு ஒன்றாக உட்காரவைத்தே சோறு போட்டாள். யாரையும் மிச்சம் வைக்காமல் வையும் மருதாத்தாள், அந்த அண்ணியை மட்டும் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பிறத்தியார் கையில் பிள்ளை வளர்வது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

காப்பகத்திலிருந்து சில குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போகும். புறப்படும் அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைப்பது மருதாத்தாள்தான். "அங்க ஆராச்சும் கேட்டா, மருதாத்தா வளத்தின புள்ளைன்னு சொல்லோணும், கேட்டுக்க" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். மூன்று வயதுக் குழந்தை எந்த மொழியில் போய்ச் சொல்லும் என்று அவள் யோசித்ததில்லை.

1977-ம் வருஷம் ஆடி மாதம் அந்தக் கடிதம் வந்தது. மேட்ரன் கத்தரீனாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, காப்பகத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னாள். எழுதியவர் டென்மார்க்கில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தவர். இங்கே அவள் பெயர் தவுட்டாத்தாள், அங்கே லீனா. இப்போது பன்னிரண்டு வயது. குடும்பத்தைப் பற்றி எழுதிவரச் சொல்லிப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அவள் தன் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் மூன்றே வரி.

'கொண்டுவந்த பெண், தான் குழந்தையின் தாய் அல்ல என்று சொன்னாள். குழந்தை தவிட்டுக்கு விற்கப்பட்டது. மூக்கில் காயத் தழும்பு.'

அன்றிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். மாட்டுத் தீனிக்கு என்னை விற்றுவிட்டார்கள் என்று ஒரே ஒரு முறை சொன்னாளாம். கடிதத்தின் அடியில் குழந்தைக் கையெழுத்தில் ஒரு வரி தனியாக இருந்தது.

'எவ்வளவு தவிடு?'

கத்தரீனாள் கண்ணாடியைக் கழற்றினாள். "எங்க வீட்டுலயும் சேட்டை பண்ணினா, 'ஒன்னயத் தவுட்டுக்குத்தான் வாங்கினோம்'னு அம்மா கேலி பண்ணுவா. ஆனா நெசமாவே அப்படி விப்பாங்களா, மருதாத்தா?"

"விப்பாங்க" என்றாள் மருதாத்தாள். 

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. குழந்தையைப் பெற்றவள் வடகரப்பதி வள்ளியாத்தாள், மருதாத்தாளின் ஊர்க்காரி. அவளுக்கு முதல் மூன்று குழந்தைகளும் பல் முளைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தன. நாலாவது பிறந்தவுடன் ஊர் வழக்கப்படி செய்தார்கள். குழந்தையை முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டுப் பழனாத்தாளுக்குத் தவிட்டுக்கு விற்றார்கள். பழனாத்தாளுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் உயிரோடு இருந்தன. எமன் வள்ளியாத்தாள் பிள்ளையைத் தேடி வந்தால், இது அவள் பிள்ளை இல்லையே என்று ஏமாந்து போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. அடையாளத்துக்கு மூக்கும் குத்திவிட்டார்கள். விற்ற பிறகு குழந்தை பெற்றவள் மடியிலேயேதான் வளரும். ஆனால் என் பிள்ளை என்று மட்டும் அவள் வாயால் சொல்லவே கூடாது.

குழந்தைக்கு நாலு வயதானபோது புருஷன் இறந்தான், வள்ளியாத்தாளுக்குச் சயரோகம் என்று டாக்டர் சொன்னார். இனிப் பிழைக்கமாட்டோம் என்று நினைத்து அவள் குழந்தையைக் காப்பகத்துக்குக் கூட்டிவந்தாள். அப்போதிருந்த குமாஸ்தா மேற்கே இருந்து வந்த மலையாளி, நல்ல மனிதர். "நிங்ஙளுடெ குட்டியோ?" என்று கேட்டார். வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ற புள்ளை இல்லீங்க. தவுட்டுக்கு வித்த புள்ளைங்க" என்றாள். அவர் அதை அப்படியே எழுதினார். மருதாத்தாள் பக்கத்தில்தான் நின்றாள். இவள்தான் பெற்றவள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் நாலு வருஷமாகப் பொத்திப்பொத்தி வைத்ததை, அதுவும் குழந்தையின் எதிரிலேயே, போட்டு உடைப்பதா? அவள் பேசாமல் இருந்துவிட்டாள். எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்று சொல்லி, வெளிநாட்டுக்கு அனுப்பவும் சம்மதித்துக் கைநாட்டு வைத்துவிட்டு வள்ளியாத்தாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"இப்பவாவது உண்மையை எழுதிப்போடுவோம்" என்றாள் மேட்ரன்.

"பெத்தவளைக் கேக்காம நான் சொல்லமாட்டனுங்க. நாஞ் சொல்லி அந்தப் புள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாக்கூட என்னால தாங்க முடியாதுங்க."

படித்த மேட்ரன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. லீவும் கொடுத்து, கடிதத்தோடு வந்த போட்டோவையும் கொடுத்தாள்.

மருதாத்தாள் முதலில் வடகரப்பதிக்குப் போனாள். தவிடு கொடுத்து வாங்கிய பழனாத்தாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். வள்ளியாத்தாள் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டாள், காப்பகத்துக்குப் போகப் பயந்து பிள்ளையைப் பற்றி விசாரிக்கவே இல்லை, தம்பிக்கு மின்சார வாரியத்தில் வேலை என்பதால் அவனோடு மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்துக்குப் போய்விட்டாள் என்றாள். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று மூன்று பஸ் மாறி, மலை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, டிரைவரின் வம்சத்தையே வைதுகொண்டு மருதாத்தாள் போய்ச் சேர்ந்தாள்.

வள்ளியாத்தாள் வாரியக் குடியிருப்பில் நாலு வீட்டுக்கு மாவரைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மருதாத்தாளைக் கண்டதும் ஆட்டுக்கல்லைச் சுற்றிய கை நின்றது. 

"உசுரோட இருக்கறாளுங்களா?"

"இருக்கறா. உன்னைவிட ஒசரம்."

மாவுக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் போட்டோவை வாங்கினாள். முகத்தைப் பார்த்தாள். விரல் நுனியால் மூக்கில் இருந்த சின்னப் புள்ளியைத் தொட்டாள். அப்புறம் போட்டோவை மார்பில் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்விக்கு நல்ல பதில் கிடைத்த அழுகை அது. மருதாத்தாளும் சேர்ந்து அழுதாள்.

பிறகு கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள். "நீ வித்துட்டயாம், உன்ற புள்ளை இல்லைன்னு தள்ளீட்டயாம். அதைப் படிச்சுட்டு அந்தப் புள்ளை சோறு திங்காமக் கெடக்குது. நீதான் பெத்தவன்னு ஒரு வார்த்தை சொல்லு வள்ளியாத்தா. எழுதி அனுப்பறோம்."

வள்ளியாத்தாள் போட்டோவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மூணு புள்ளைய 'என்ற கண்ணு, என்ற தங்கம்'னு சொல்லிச் சொல்லிக் கொஞ்சினனுங்க. மூணும் போயிருச்சு. இது ஒண்ணைத்தான் ஒரு நாளும் சொல்லலை. இது ஒண்ணுதான் நிக்குது. இப்பப் போயி என்னையச் சொல்லச் சொல்றீங்களே?"

மருதாத்தாள் வாயடைத்துப் போனாள். அவள் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. ஆனால் இந்தத் தடவை சும்மா இருந்துவிட அவள் தயாராக இல்லை.

"செரி, நீ சொல்லவேண்டாம். இல்லைன்னே சொல்லு. ஏன் இல்லைங்கறேன்னு நாங்க எழுதறோம். மேட்ரனம்மா இங்கிலீசுலதான் எழுதுவாங்க. எமனுக்கு இங்கிலீசு தெரியுமா?"

அழுதுகொண்டிருந்த வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாதுங்களா?"

"வடகரப்பதிக்கு வர்ற எமன் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனான்?"

வள்ளியாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பிடீன்னா எழுதச் சொல்லுங்க. நீ என்ற புள்ளை இல்லை. இன்னைக்கும் இல்லை. எவ்வளவு தவுடுன்னு கேட்டாளே, மொறம் ததும்பத் ததும்ப. பழனாத்தாக்கா கை தாராளம், கீழ சிந்துச்சு. அந்தத் தவுட்டைக் கரைச்சு எருமைக்கு ஊத்தினேன். எனக்குப் பால் பத்தாதப்ப அந்த எருமைப் பாலைக் குடிச்சுத்தான் அவ வளந்தா." போட்டோவை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். "அந்த வெள்ளைக்காரம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டேன்னு எழுதச் சொல்லுங்க. நான் பயந்து பயந்து நாலு வருசம் வெச்சிருந்தேன். அவங்க பயமில்லாம ஏழு வருசம் வளத்திருக்கறாங்க."

கத்தரீனாள் அந்தக் கடிதத்தை மூன்று நாள் எழுதினாள். முறம் எப்படி இருக்கும் என்று படம் போட்டாள். மூக்குக் குத்தியது காயம் அல்ல, காவல் என்று எழுதினாள். கடைசியில், 'உன் தாய் இன்றும் உன்னைத் தன் மகள் இல்லை என்றே சொல்கிறாள். அதைச் சொல்லும்போது உன் போட்டோவை அவள் கீழே வைக்கவே இல்லை' என்று முடித்தாள்.

ஐப்பசியில் பதில் வந்தது. பெண் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தன் மடியிலேயே படுத்திருந்தாள், காலையில் பசிக்கிறது என்றாள் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். தன் மகளுக்கு முன்பே ஒருத்தி இவ்வளவு காவல் போட்டிருந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். லீனா தனியாக ஒரு தாள் வைத்திருந்தாள். கத்தரீனாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்காட்ட, மருதாத்தாள் சொல் தப்பாமல் மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுபடியும் மூன்று பஸ். இந்தத் தடவை டிரைவரைக்கூட வையவில்லை. வள்ளியாத்தாள் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து வந்து, கைகட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"உன்ற... பழனாத்தா புள்ளை எழுதியிருக்கறா. கேட்டுக்க" என்று மருதாத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'நானும் உங்கள் மகள் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. நன்றாகச் சாப்பிடுகிறேன். பல் எல்லாம் முளைத்துவிட்டது. எத்தனை வயதானாலும் நான் உங்கள் மகளாக இருக்கவே மாட்டேன். பயப்பட வேண்டாம்.'"

வள்ளியாத்தாள் மலையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்க."

மருதாத்தாள் இன்னொரு முறை சொன்னாள்.